கொரிய லீக்கில் நான் ஊதாத விசில்

போன மாதம் சிட்னி மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் கால்பந்து நடுவர் வகுப்பு முடிந்து எல்லோரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். உங்களில் ஒரு பிள்ளை என்னிடம் வந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். எப்போது விசில் ஊத வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது அங்கிள், ஊதாமல் விட வேண்டிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றாள். நல்ல கேள்வி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அதற்குள் அவளுடைய அப்பா வாசலில் நின்று கார்ச் சாவியை ஆட்டத் தொடங்கிவிட்டார். நான் பேசத் தொடங்கினால் எப்போது முடியும் என்று அந்த மனிதருக்குத் தெரியும். அதனால் பதிலை எழுதியே தருகிறேன். யாரும் சாவி ஆட்ட முடியாது.

சட்டங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நான் படித்த சட்டப்படி இன்றைக்கு ஊதினால் நீங்களே என்னைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்துக்கு வெளியே விட்டுவிடுவீர்கள். ஆனால் ஒரு கோலுக்குப் பிறகு நடுவரைச் சுற்றி ஆட்கள் கூடி நின்று கத்துவது எழுபதுகளில் எப்படி இருந்ததோ இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் நிற்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் சிட்னியில் ஒரு அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பெரிய பெரிய ஆட்டங்களுக்கு ஊதியவன். இங்கே வந்து மறுபடி சோதனை எழுதினேன், நல்லாகவே பாஸ் பண்ணினேன். ஆனால் நடுவர் சங்கம் எனக்குத் தந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்கள். பந்து ஒரு பக்கம் போகும், பிள்ளைகள் எல்லோரும் அதன் பின்னால் போவார்கள், தாய்மார் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். என் நிறத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதற்காக வீட்டில் குந்தியிருந்து மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. எந்த ஆட்டம் கிடைத்தாலும் போனேன்.

அப்படி இருக்கும்போதுதான் திருமதி யூன் சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கொரியாக்காரர், தாதியாக வேலை செய்தவர், அவர்களுடைய தேவாலயத்தில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறவர். வியட்நாமில் ஒப்பந்த வேலை செய்து, போர் முடிந்ததும் இங்கே வந்து சேர்ந்த கொரியர்கள் அப்போது சிட்னியில் கொஞ்சப் பேர் இருந்தார்கள். இரும்பு ஒட்டுவேலை, அதாவது வெல்டிங், செய்கிறவர்கள், அலுவலகங்கள் கழுவுகிறவர்கள், தற்காப்புக் கலை சொல்லிக்கொடுக்கிறவர்கள். ஊரில் எந்த மாகாணத்தில் பிறந்தார்களோ அந்த மாகாணத்தின் பெயரில் அணி சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நகரசபை மைதானத்தில் லீக் ஆடினார்கள். அவர்களுக்கு ஒரு நடுவர் வேண்டுமாம். சங்கத்தில் வேறு யாரும் போக விரும்பாததால் என்னைக் கைகாட்டினார்கள்.

உங்களுக்குள்ளேயே நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர் ஊதினால் என்ன என்று நான் திருமதி யூனிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் என் மனதில் அப்படியே இருக்கிறது.

"எங்கள் ஆட்களில் யார் ஊதினாலும், எதிரில் அவனைவிட மூத்தவர் ஒருவர் நிற்பார். மூத்தவருக்கு எதிராக அவனுக்கு விசில் வராது. எங்களுக்கு யாருக்கும் தம்பியாக இல்லாத ஒருவர் வேண்டும்."

நாலு அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவனிடம் வந்து இதைச் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாறேன் என்றேன்.

முதல் ஞாயிறு நான் நாணயத்தைச் சுண்டப் போனபோது, ஒரு அணியின் தலைவர் நாணயத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பெயர் காங். நாற்பதைத் தாண்டிய ஆள், ஒட்டுவேலைத் தொழிற்சாலையில் மேற்பார்வை செய்கிறவர், பின்கள ஆட்டக்காரர், தோள் இரண்டும் கதவு மாதிரி. நாணயம் மேலே போவதற்கு முன்னமே உங்களுக்கு என்ன வயது என்று கேட்டார். நக்கல் இல்லை, அவர்களுடைய பழக்கம் அது. எதிரில் நிற்பவரின் வயது தெரிந்தால்தான் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. உண்மையைச் சொன்னால் அந்த ஆண்டு முழுக்க அவருக்குத் தம்பிதான். மைதானத்துக்குள் நான் எல்லாருக்கும் மூத்தவன், வெளியே வந்ததும் வயதைச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பெரிதாகச் சிரித்து, தன் ஆட்களுக்கு அதைக் கொரிய மொழியில் சொன்னார். அதன் பிறகு அந்த ஆண்டு முழுக்க ஒருத்தரும் என் வயதைக் கேட்கவில்லை. பிள்ளைகளே, நாணயம் சுண்டுகிற இடத்தில் நீங்கள் சொல்கிற முதல் வார்த்தை முக்கியம். அதை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு போங்கள்.

கோட்டில் நிற்க அவர்கள் தந்த இளைஞர்களோ பொம்மைகள். மூத்தவர் ஒருவர் ஓஃப்சைட்டில் நின்றால் கொடி தூக்காமல் வானத்தைப் பார்ப்பார்கள். இரண்டு கிழமை பொறுத்தேன். மூன்றாம் கிழமை என் அலுவலக நண்பன் வெங்கடேசனை இழுத்துக்கொண்டு போனேன். திருச்சிக்காரன், கிரிக்கெட் பைத்தியம், கால்பந்தைக் கண்ணால் காணப் பிடிக்காது. ஆனால் மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த கோவாவைத் திருமதி யூன் ஒரு தட்டு நீட்டினார். முட்டைக்கோஸ் ஊறுகாய் பிரமாதம் சார் என்று சப்புக்கொட்டினான். அன்றோடு லைன்ஸ்மன் பிரச்சினை தீர்ந்தது. வெங்கடேசனுக்கு அந்த மைதானத்தில் மூத்தவரும் இல்லை, இளையவரும் இல்லை, கோடு மட்டும்தான்.

இனி யொங்சுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். காங்குடைய அணிக்கு எதிர் மாகாணத்து அணியில் ஒன்பதாம் நம்பர். பந்தை வாங்கித் திரும்பினான் என்றால் எதிரி எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் நிற்பான். யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் நான் பார்த்த முன்கள ஆட்டக்காரர்களில் அவனை நான் மேலேதான் வைப்பேன். அவன் வாழ்க்கை முழுவதும் காங்கின் கையில் இருந்தது. சைகோனில் வேலைத்தளத்தில் பழக்கமாம். இங்கே தங்கியிருப்பதும் காங் வீட்டில், வேலை செய்வதும் காங்கின் கீழ். காங்கை அவன் ஹியொங், அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். கூப்பிடும்போது தலை தானாகக் கொஞ்சம் குனியும்.

லீக்கின் கடைசி ஆட்டத்தில் இந்த இரண்டு அணிகளும் எதிரெதிரே வந்தன. வெல்பவர்களுக்குக் கேடயம். அன்று காலை திருமதி யூன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். யொங்சுவின் விசா முடியப் போகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் நடத்துகிற ஒரு பெரிய கிளப்பின் தேர்வாளர் இன்றைக்கு ஆட்டம் பார்க்க வருகிறார். அந்தக் கிளப் ஒருவனை எடுத்தால் கிளப் தலைவரின் தொழிற்சாலையில் அவனுக்கு வேலையும் கிடைக்கும், தங்குவதற்குக் கையெழுத்தும் கிடைக்கும். இல்லாவிட்டால் விமானச் சீட்டுத்தான். இதை ஏன் அம்மா என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். உண்மையாகவே கோபம் வந்தது. உங்களுக்கும் இப்படிச் செய்திகள் வந்து சேரும். இன்றைக்கு இவன் தோற்றால் வேலை போகும், அவன் வென்றால் கல்யாணம் நடக்கும் என்று யாராவது காதில் போட்டுவிடுவார்கள். தடுக்க முடியாது. கேட்ட காதோடு உள்ளே போய்ப் பந்தைப் பாருங்கள்.

முதல் பாதியில் யொங்சு சாம்பல் பூசணிக்காய் மாதிரி உருண்டுகொண்டிருந்தான். மற்ற ஆட்களைத் தாண்டி நெருப்பாக வருவான். காங் எதிரில் வந்ததும் வேகம் விழுந்துவிடும். பந்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவான், அல்லது காங்கே எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றுவிடுவான். ஒரு முறை காங் தடுமாறிப் பந்தைக் காலடியில் விட்டார். எடுத்திருந்தால் கோல். அவனோ எடுக்காமல், காங் நிமிரும்வரை மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றான். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட தேர்வாளர் தூரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு அவர் தன் காரைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அன்று என் மனைவி மலரும் வந்திருந்தாள். இடைவேளையில் நானும் அவளும் வெங்கடேசனும் மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"சார், அந்தப் பையன் வேணும்னே விட்டுக் கொடுக்கறான். ஏதோ பேசி வச்சிருக்காங்க போல. நீங்க கூப்பிட்டுக் கேட்க மாட்டீங்களா?" என்றான் வெங்கடேசன்.

மலர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் ஒண்டும் பேசிவைக்கேல்லை. காங்கின்ர வீட்டுச் சோறு தின்னிற பெடியன் அவரை எப்பிடி முட்டுவான்? நீங்கள் பெரியண்ணையோட கரம்போட் விளையாடேக்க வேணுமெண்டு சிவப்பை விடுறனீங்களெல்லே. அதே கதைதான் இது."

எனக்கும் அதுதான் பட்டது. ஆனால் சிவப்புக் காயை நான் வேண்டுமென்று விடுவது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வெங்கடேசன் இப்போது மறுபக்கம் சாய்ந்துவிட்டான். அப்படியென்றால் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் சார், பாவம், எதிர்காலம் போகுது என்று கெஞ்சினான். முடியாது என்றேன். என் மனம் அவன் பக்கம் இருந்தது, அதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் நான் போய் அவனுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து நான் அவனுடைய பயிற்சியாளர். பிறகு விசிலை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

இரண்டாம் பாதியும் அப்படியே இழுபட்டது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது, நடுவிலிருந்து ஒரு பந்து உயரமாக வந்து காங்குக்கு முன்னால் குத்தி எழுந்தது. காங் தன் கோலைப் பார்த்தபடி, முதுகால் பந்தை மறைத்துக்கொண்டு நின்றார். யொங்சு பக்கவாட்டிலிருந்து ஓடி வந்தான். பந்து அப்போதுதான் கீழே இறங்கியது. முன்னால் நிற்பது யார் என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சறுக்கி விழுந்து காலை நீட்டிப் பந்தைத் தட்டி எடுத்தான். பந்து போன பிறகு காங் திரும்பி, நீட்டியிருந்த அந்தக் காலில் இடறி விழுந்தார். கதவு கழன்று விழுந்த சத்தம். யொங்சு எழுந்து இரண்டு எட்டில் பந்தை எட்டி அடித்தான். கோல்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கால் முதலில் பட்டது பந்தில். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

அவனுடைய அணி துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. அவனோ அவர்களைத் தள்ளிவிட்டுத் திரும்பி ஓடினான். விழுந்து கிடந்த காங்குக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கையையும் புல்லில் ஊன்றி, நெற்றி நிலத்தில் படக் குனிந்தான். பிறகு என்னிடம் வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஃபவுல், சேர். என்னுடைய ஃபவுல். கோல் வேண்டாம்."

அவ்வளவுதான், காங்குடைய அணி முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டது. வெளியே நின்ற பெரியவர்களும் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். செய்தவனே ஒத்துக்கொள்கிறான், நீ யார் இல்லையென்று சொல்ல என்பதுதான் எல்லோருடைய பேச்சும். விட்டுக்கொடுக்காவிட்டால் அணியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். இரண்டு பேர் போட்டிருந்த மேற்சட்டையைக் கழற்றவும் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் போய்விட்டால் ஆட்டம் செல்லாது, கோலும் செல்லாது, யொங்சுவுக்கு விமானச் சீட்டு. கோல் இல்லை என்று சொல்லிவிட்டாலோ எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள், யொங்சு உட்பட. பிள்ளைகளே, அந்த நேரத்தில் உங்கள் கால் தானாகப் பின்னுக்குப் போகும். விடாதீர்கள். நீங்கள் ஒரு அடி பின்னால் வைத்தால் அவர்கள் இரண்டு அடி முன்னால் வைப்பார்கள். நான் புல்லில் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

ஆட்கள் சொல்வதை நான் கேட்காமல் இல்லை. ஒருவன் தானாக வந்து குற்றத்தை ஒத்துக்கொள்ளும்போது அதை யாருக்கும் நம்பத்தான் தோன்றும். ஆனால் அவன் எதை ஒத்துக்கொண்டான்? தன் அண்ணன் விழுந்ததற்கு அவன் வருத்தப்பட்டான். அண்ணன் தானாகக் கல்லில் தடுக்கி விழுந்திருந்தாலும் அவன் அப்படியேதான் குனிந்திருப்பான். எங்கள் வீடுகளில் மட்டும் என்னவாம்? மாமா தேத்தண்ணியைத் தட்டி ஊற்றினால் பக்கத்தில் இருக்கிற மருமகள்தான் மன்னிப்புக் கேட்கிறாள். மன்னிப்புக் கேட்டவர்களையெல்லாம் குற்றவாளி என்று எழுதிவிட முடியுமா?

வெங்கடேசனைப் பார்த்தேன். இடைவேளையில் முதலில் சந்தேகப்பட்டவன், பிறகு கெஞ்சியவன், இப்போது கொடியைக் கீழே பிடித்தபடி நடுக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். கோல் சரி என்று அதற்கு அர்த்தம். காங்கைப் பார்த்தேன். அவர் நிலத்தில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபவுல் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை. அதைக் கேட்பது என் பாரத்தை அவர் தலையில் வைப்பதாகும்.

யொங்சுவிடம் மட்டும் சொன்னேன். "நீ மன்னிப்புக் கேட்கலாம். அது உன் விருப்பம். ஃபவுல் இருந்ததா இல்லையா என்பது என் வேலை." சொல்லிவிட்டு, கோல்தான் என்று கையை நடுப்புள்ளிக்கு நீட்டினேன்.

அதன் பிறகுதான் காங் எழுந்தார். ஒரு காலை நொண்டிக்கொண்டு நேரே யொங்சுவிடம் போனார். அவர் கை உயர்ந்தது. அடித்தால் இந்த மனிதரை வெளியே அனுப்ப வேண்டி வரும், அதையும் செய்யத்தான் வேண்டும் என்று நான் என்னைத் தயார்படுத்திக்கொண்டேன். கை அவன் பிடரியில் இறங்கியது. பிடித்துக் குலுக்கி, எல்லோருக்கும் கேட்க உரத்த குரலில் ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். மேற்சட்டையைக் கழற்றியவர்கள் திரும்பவும் போட்டார்கள். காங் பந்தைத் தானே தூக்கிக்கொண்டு போய் நடுப்புள்ளியில் வைத்தார்.

என்ன சொன்னார் என்று திருமதி யூன்தான் எனக்கு மொழிபெயர்த்தார். "மன்னிப்பை வீட்டில் வந்து கேள். இங்கே நீ என் தம்பி இல்லை, ஒன்பதாம் நம்பர்."

மிச்ச நேரத்தில் யொங்சுவை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. காங் அவனைப் பிடிக்க முடியாமல் ஒருமுறை காலிலேயே உதைத்தார். அதற்கு ஊதினேன், அவர் தள்ளி நின்றார். வேறு கோல் விழவில்லை. அந்த ஒரு கோலோடு யொங்சுவின் அணி கேடயத்தை வாங்கியது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோது, கார்கள் நிற்கிற இடத்தில் யொங்சு மறுபடி காங் முன்னால் மண்டியிட்டிருந்தான். வீட்டுக்குப் போகும்வரை அவனுக்குப் பொறுக்கவில்லை. காங்கும் அவசரப்படுத்தவில்லை, அவன் குனிந்து முடியும்வரை நேராக நின்று அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். தேர்வாளர் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். வென்றவன் ஏன் அழுகிறான் என்று என்னிடம் கேட்டார். நன்றாக விளையாடியதற்காக மன்னிப்புக் கேட்கிறான் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அந்தப் பெரியவரிடமிருந்து பந்தைப் பறிக்கிறவன் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டாலும் எனக்குக் கவலையில்லை, நாளைக்குக் கிளப்புக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கார் புறப்பட்ட பிறகுதான் திருமதி யூன் சொன்னார், அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, மூன்று முறை போய்ப் பேசி, அன்றைய ஆட்டத்துக்கு வரவைத்ததே காங்தான் என்று. யொங்சுவுக்கு அது தெரியாது.

நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது காங் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

"நீங்கள் எனக்கு ஃபவுல் தந்திருக்கலாம்," என்றார்.

"அது ஃபவுல் இல்லை," என்றேன்.

"இல்லைதான். பந்தைச் சுத்தமாக எடுத்தான்," என்றார் அவர். "ஆனால் நீங்கள் தந்திருந்தால், நான் வாங்கியிருப்பேன்."